தூணில்லாத ஹாலில் கும்மி

பூபாலன் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். வாங்க என்று கூப்பிடுகிறவர்களின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். மேலே விரிசல் ஏதாவது ஓடுகிறதா, பீம் எங்கே போய் உட்காருகிறது என்று கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகே அவருக்கு உட்கார மனசு வரும். அப்போதும் நடு ஹாலில் உட்கார மாட்டார். சுவரோரமாக, கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. கல்யாண மண்டபமானாலும் இழவு வீடானாலும் அவர் இடம் அதுதான். திருப்பூரில் முப்பது வருடமாகக் கட்டடம் கட்டுகிற சிவில் இன்ஜினியர், அடுத்தவன் கட்டின கூரையை நம்பாததில் ஆச்சரியமில்லை. இவர் தான் கட்டினதையும் நம்ப மாட்டார். அதுதான் அவருடைய தொல்லை.

சொந்த ஊர் குன்னத்தூர் பக்கம். அப்பா ஆறுச்சாமிக்குக் கொஞ்சம் பூமி, அதில் ஒரு கிணறு. பூபாலனுக்கு விவரம் தெரிந்த வயதில் அந்தக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். ஒரு மத்தியானம் ஆட்களெல்லாம் சோற்றுக்கு மேலே ஏறி வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, கிணற்றின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து உள்ளே போய்விட்டது. ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நல்ல நேரம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூபாலனால் மட்டும் சாப்பிட முடியவில்லை. காலையில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்த பயம் இன்று வரை எழுந்திருக்கவில்லை.

இந்த மாதிரி ஆள் பேசாமல் பாங்கு வேலைக்குப் போயிருக்கலாம். சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போனார். கோயம்புத்தூர் காலேஜில் ஒரு வாத்தியார், ஒரு ஜெர்மன்காரரைப் பற்றி வகுப்பில் சொன்னார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ரயில்வே இன்ஜினியர். அந்தக் காலத்தில் ரயில் அச்சுகள் திடீர் திடீரென்று உடைந்துகொண்டிருந்தன. இரும்பும் நல்ல இரும்பு, பாரமும் அளவுக்குள்தான். பின்னே ஏன் உடைகிறது? அந்த மனிதர் அதற்கென்றே ஒரு எந்திரம் செய்து, அச்சை மாட்டிச் சுற்றவிட்டு, வருடக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார். தாங்கக்கூடிய பாரமே திரும்பத் திரும்ப வந்தால் இரும்பு களைத்துப்போய் உடையும் என்று கண்டுபிடித்தார். வகுப்பில் மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். பூபாலனுக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னைப் போலவே நிம்மதியில்லாத ஒரு மனுஷன் இருந்திருக்கிறான், அந்த நிம்மதியில்லாமையை வைத்தே ஒரு வேலையும் செய்திருக்கிறான் என்று நினைக்க அவருக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அதிலிருந்து எதற்கெடுத்தாலும் அந்த ஜெர்மன்காரர் பேச்சுதான். திருப்பூரில் ஜெர்மன் என்றால் நிட்டிங் மெஷின். பனியன் கம்பெனிக்காரர்கள் கேலியாக 'ஜெர்மன் இன்ஜினியர்' என்று கூப்பிடப் போய், பாதி ஊர் அவர் ஜெர்மனியில் படித்து வந்தவர் என்றே நம்பிவிட்டது. அவர் பெங்களூரைத் தாண்டினதில்லை.

தொழிலில் அவருக்குக் கெட்ட பெயரும் நல்ல பெயரும் ஒன்றேதான். கம்பி எச்சாக, கணக்குக்கு மேலேயே போடுகிறவர். கான்கிரீட்டுக்குக் கொடுத்த முட்டை மற்றவர்கள் பிரிக்கச் சொல்லும் நாளில் இவர் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்பார். முதலாளிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு வேடிக்கை. வாடகைக்கு விடுகிற குடோன் என்றால் வேறு இன்ஜினியரைக் கூப்பிடுவார்கள். தாங்கள் குடியிருக்கப் போகிற ஊடு என்றால் பூபாலனைத் தேடி வந்துவிடுவார்கள். சாயப்பட்டறைத் தொட்டியும் பனியன் தைக்கிற பவர்டேபிள் கொட்டகையுமாக அவர் கட்டியது எத்தனையோ. எதிலும் இதுவரை ஒரு செங்கல் உதிர்ந்ததில்லை.

இருந்தும் அவர் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதற்கும் காரணம் உண்டு. மச்சினன் கல்யாணத்தில் மணமேடை சாயப்போகிறது என்று தாலி கட்டுகிற நேரத்தில் போய் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தவர் அவர். மேடை சாயவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் விரிசல் என்று பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லி ஒரு தடவை ஊரைக் கூட்டினார். சுரண்டிப் பார்த்தால் வெறும் பூச்சு வெடிப்பு. 'ஜெர்மன்காரருக்குக் காத்தடிச்சாலே கட்டடம் உழுந்துரும்' என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் அவர் தன்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான். இது படிப்பு சொல்வதா, பயம் சொல்வதா? இத்தனை வயதுக்கும் அதைப் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டால் கேள்வி கொஞ்சம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இந்த மனிதரோடு குடும்பம் நடத்தினவள் கலைமகள். ஆடிக்கு ஊஞ்சலாடத் தூரி கட்டினால் கயிற்றைச் சோதித்து, மரத்தைச் சோதித்து, அவர் சரி என்று சொல்வதற்குள் ஆடியே முடிந்துவிடும். மாடியில் நின்று மழை பார்த்தால் கைப்பிடிச் சுவரில் சாயாதே என்பார். அவள் கோபப்பட்டதில்லை. பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு, ஒரு நாள் வந்து வள்ளி கும்மி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். கொங்கு நாட்டில் இப்போது ஊருக்கு ஊர் கும்மிக் குழுதான். மூன்று மாதம் சாயங்காலச் சாயங்காலம் பழகி, ஒரே நிறத்தில் சேலை கட்டி, சலங்கை கட்டி, ஊரைக் கூட்டி அரங்கேற்றம் வைப்பார்கள். வாத்தியார் பெருமாள்சாமி பாட, நூற்றுக்கணக்கான பேர் ஒரே அடியாக அடி வைத்து ஆடுவார்கள். வள்ளி பிறந்ததில் மெதுவாகத் தொடங்கும் கும்மி, கதை போகப் போக வேகம் எடுத்து, வள்ளி கல்யாணத்தில் உச்சத்துக்குப் போகும். கலைமகள் வீட்டு ஹாலிலும் பழகிக்கொண்டே இருந்தாள். பூபாலன் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து பார்ப்பார். மூச்சு வாங்க, முகமெல்லாம் வேர்க்க, இவ்வளவு சந்தோஷமாக அவளை அவர் பார்த்ததே இல்லை. கல்யாணக் கும்மியின் வேகம்கூட அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முன் வரிசையில் அவளை நிறுத்தப் போவதாக வாத்தியார் சொன்ன அன்று, அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே சமயத்தில்தான் செந்தில்வேலின் கட்டடமும் முடிந்தது. செந்தில்வேல் தறிக்காரக் குடும்பம், இப்போது ஏற்றுமதிக் கம்பெனி முதலாளி. முருகன் பெயரைச் சொல்லாமல் ஒரு பீஸ்கூட வெளியே போகாது. கீழே குடோன், மேலே தையல் ஹால். ஹாலுக்கு நடுவில் ஒரு தூண்கூட இருக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். லைன் முழுக்க நேராகப் போக வேண்டும், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்து வாசலில் நின்றால் கடைசி மெஷின் வரை தெரிய வேண்டும். பூபாலன் பல நாள் கணக்குப் போட்டு, இரும்பு பீம் நீட்டி, வழக்கம் போல ஒன்றுக்கு ஒன்றரையாகப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். மெஷின், துணிக்கட்டு, ஆட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாகத் தாங்கும். தூணில்லாத அந்த ஹாலில் நின்றபோது வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கே தன் வேலை மேல் கொஞ்சம் கர்வம் வந்தது. உடுமலை ரோட்டில் இதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று கட்டப் போகிறேன், அதுவும் உங்கள் கையில்தான் என்று செந்தில்வேல் சொல்லிவைத்திருந்தார்.

புதுக் கட்டடம் புகுகிற புண்ணியார்ச்சனையும் கும்மி அரங்கேற்றமும் ஒரே நாளில், கம்பெனி மைதானத்தில் என்று ஏற்பாடு. ஐப்பசி மாதம். பந்தல் போட்டு, விளக்கு வைத்து, சலங்கைக்குப் பூஜை போட்டுக் கட்டி முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, பந்தலைக் கிழித்துக்கொண்டு ஊற்றியது. இருநூறு பெண்கள் நனைந்த சேலையோடு என்ன செய்வது என்று நிற்கிறார்கள். சலங்கை கட்டிய பிறகு ஆடாமல் அவிழ்க்கக் கூடாது என்பது பெருமாள்சாமி வாத்தியாரின் கண்டிப்பு.

"மேல ஹாலு காலியாத்தானுங்க கெடக்குது. மெசினு வாரக்கு இன்னும் பத்து நாளாகும். எல்லாரும் மேல வாங்க!" என்றார் செந்தில்வேல்.

ஹோ என்று கைதட்டல். அவ்வளவு பேரும் படி ஏறினார்கள். சமையல்காரர்களும் அண்டா குண்டானைத் தூக்கிக்கொண்டு கீழ்க் குடோனுக்குள் வந்துவிட, அங்கேயே பந்தி போட்டார்கள்.

பூபாலன் மட்டும் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

பாரத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. இருநூறு பேர் என்ன, நானூறு பேர் நின்றாலும் அந்தத் தளம் தாங்கும். ஆனால் நிற்பது வேறு, எல்லோரும் ஒட்டுக்காக ஒரே நேரத்தில் அடி வைத்து ஆடுவது வேறு. ஒவ்வொரு தளத்துக்கும் அதற்கென்று ஓர் ஆட்டம் உண்டு. தூண் இல்லாமல் நீட்டின தளத்துக்கு அது கொஞ்சம் தாராளமாகவே உண்டு. தூரி ஆட்டுகிறவர்களுக்கு இது தெரியும். போகிற போக்கைப் பார்த்துத் தள்ளினால் சின்னப் பிள்ளை தள்ளினாலே தூரி உயரப் போகும். பட்டாளத்துக்காரர்கள் பாலத்தில் போகும்போது அடியைக் கலைத்துப் போட்டு நடப்பது இதனால்தான். தளத்தின் ஆட்டமும் கும்மியின் அடியும் ஒரே வேகத்தில் வந்து சேர்ந்துவிட்டால்? மெஷினுக்குக் கணக்குப் போட்டவர் கும்மிக்குக் கணக்குப் போடவில்லை. தையல் ஹாலில் கும்மி ஆடுவார்கள் என்று எந்த இன்ஜினியருக்குத் தோன்றும்?

மேலே கும்மி தொடங்கிவிட்டது. மெதுவான அடிதான். பூபாலன் சுவரோரம் நின்று உள்ளங்காலால் தளத்தைக் கேட்டார். லேசாக ஒரு துள்ளல். இது தளமா, தன் இதயமா? மாத்திரை டப்பா காரில் இருந்தது. பயம்தான், வேறொன்றுமில்லை, மணமேடை மாதிரிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நிம்மதி வரவில்லை. கீழே இறங்கிப் போனார்.

கீழே பந்தி ஜோராக நடந்துகொண்டிருந்தது. பரிமாறுகிறவர் ரச வாளியைத் தரையில் வைத்துவிட்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பூபாலன் வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரசம் அசையவில்லை. தரை கெட்டியாக இருந்தது. அண்ணாந்து பார்த்தார். மேலே பீமிலிருந்து தொங்கிய மின்விசிறிகள் எல்லாம் ஓடாமல் நின்றபடியே மேலும் கீழுமாகக் குலுங்கிக்கொண்டிருந்தன. பாட்டு அடுத்த கட்டத்துக்குப் போய் அடி கொஞ்சம் வேகமானது. விசிறிகளின் குலுக்கலும் பெரிதானது. ஒரு விசிறியின் மேல்மூடிக் கிண்ணம் கழன்று, கம்பியோடு சறுக்கி வந்து தொங்கியது. அவர் காதுக்குள் கல்யாணக் கும்மியின் வேகம் ஓடியது. வீட்டு ஹாலில் மூன்று மாதம் கேட்ட வேகம். மனதுக்குள் கணக்குப் போட்டார். தளத்தின் ஆட்டம் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும், தானே போட்ட பீம். இரண்டும் சேரும். கல்யாணக் கும்மியில் சரியாகச் சேரும்.

இது பயம் இல்லை. இது படிப்பு. அப்படித்தான் நினைத்தார். அதையும் முழுசாக நம்ப முடியவில்லை.

"எல்லாரும் சித்தெ எந்திரிச்சு வெளிய போங்க சாமி" என்று பந்தியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மழ ஊத்துதுங்களே. பாயசம் வந்துரட்டுமுங்க, போயரலாம்" என்றது ஒரு குரல். இலையிலிருந்து ஒருவரும் தலை நிமிரவில்லை.

படியேறி ஓடினார். செந்தில்வேல் வாசலில் நின்று செல்போனில் கும்மியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நிறுத்தச் சொல்லுங்க. கல்யாணப் பாட்டுக்கு முன்னால நிறுத்தோணும்."

"ஏனுங்ண்ணா, என்னாச்சு?"

"இந்தத் தளம் பாரத்தத் தாங்குமுங்க. ஆனா தாளத்த... அது என்னன்னா, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு..."

செந்தில்வேல் சிரித்துவிட்டார். "அண்ணா, நீங்க கட்டுனது உழுகுமுங்களா? ஒண்ணுக்கு ஒண்ணரயாப் போட்டிருக்கீங்க, எனக்குத் தெரியாதா? மாத்தர போட்டீங்களா இன்னைக்கு? பாருங்க, அக்கா எத்தன அழகா ஆடறாங்க."

கலைமகள் முன் வரிசையில் ஆடிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து சிரித்தாள். பெருமாள்சாமி வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனி வள்ளி கல்யாணம்!" என்றார். மேளக்காரர் குச்சியை மாற்றிப் பிடித்தார்.

நிஜத்தைச் சொல்ல அரை மணி நேரம் வேண்டும். ஜெர்மன்காரர், ரயில் அச்சு, தூரி, பட்டாளம் என்று எல்லாம் சொல்ல வேண்டும். சொன்னாலும் சிரிப்பார்கள். பயந்தாங்கொள்ளியின் பேச்சுக்கு யாரும் சலங்கையை அவிழ்க்க மாட்டார்கள். ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் அவிழ்ப்பார்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் முப்பது வருடம் சேர்த்த பெயர் அங்கேயே முடிந்தது. கல்யாணக் கும்மியின் முதல் அடி விழுந்தது. கால்களுக்குக் கீழே தளம் ஒரு தடவை மூச்சு விட்டது போல இருந்தது.

பூபாலன் போய் வாத்தியாரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்க. இந்தக் கட்டடம் தாங்காதுங்க. இதக் கட்டுன இன்ஜினியரு நான்தானுங்க. நான்... நான் தப்பாக் கட்டீட்டனுங்க. ஆடறத நிறுத்துங்க. ஓடாம, தள்ளாம, மெல்ல மெல்ல எறங்குங்க."

பாட்டு நின்றது. ஆனால் மேளம் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கால்களும் ஆடிக்கொண்டிருந்தன. இருநூறு பேருக்கும் ஒரே குழப்பம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடியே ஆடினார்கள். முன் வரிசையில் கலைமகள் மட்டும் நின்றாள். அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் குனிந்து சலங்கையை அவிழ்த்தாள். பின்னால் வந்தவள் அவள் மேல் இடித்துக்கொண்டு அடி தவறினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் தவறினாள். தாளம் உடைந்தது. அப்புறம் மேளமும் நின்றது.

எல்லோரும் இறங்கினார்கள். பந்தியில் இருந்தவர்களும் பாயசத்தை விட்டுவிட்டு மழையில் ஓடினார்கள். கட்டடம் விழவில்லை. மழையில் கழுவின மாதிரி பளபளவென்று நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தப்பாகக் கட்டின கட்டடம் என்ற பேச்சு பையர் காது வரை போய்விட்டால் செந்தில்வேலின் பிழைப்பு என்னாவது? அவர் பாவம், சென்னையிலிருந்து வேறு இன்ஜினியரை வரவழைத்துச் சோதித்தார். கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை, தையல் ஹாலுக்கு வேண்டியதைவிடப் பலமாகவே இருக்கிறது என்று வந்தவர் எழுதிக் கொடுத்தார். கும்மியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே ஊருக்கு இரண்டில் ஒன்றுதான் மிச்சம். ஒன்று, பூபாலனுக்குக் கட்டத் தெரியாது. இல்லாவிட்டால், பூபாலனுக்கு மண்டை குழம்பிவிட்டது. டீக்கடையில் ஆளுக்கு ஒரு கட்சி. உடுமலை ரோட்டுக் கட்டடம் வேறொருவர் கைக்குப் போனது. ஊடு கட்டுகிறவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பூபாலன் தன் நியாயத்தை யாரிடமும் விளக்கவில்லை. விளக்கினால், அப்படியானால் அன்று மைக்கில் சொன்னது என்ன என்று கேட்பார்கள்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவரைத் தின்றது வேறு. கலைமகள் முதலில் நின்றாளே, அந்த ஒரு கணம் உற்றுப் பார்த்தாளே, அதுதான். இத்தனை பேரில் அவள்தான் முதலில் நம்பினாள். புருஷன் தப்பாகக் கட்டியிருப்பான் என்று நம்பினாள். வீட்டில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது இன்னும் வலித்தது. சோறு போடுகிற கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

தை பிறந்தது. குன்னத்தூர்க் கோயில் மைதானத்தில், வெறும் மண் தரையில், விட்டுப்போன அரங்கேற்றத்தை மறுபடி வைத்தார் பெருமாள்சாமி. சலங்கைப் பையைத் தூக்கிக்கொண்டு பூபாலனும் போனார். மேளத்தை நெருப்பில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். வேப்பமரத்தடியில் அவளிடம் பையைக் கொடுக்கும்போது அவருக்கு வாய் தாங்கவில்லை.

"அம்மிணி, நான் தப்பாக் கட்டியிருப்பேன்னு நீயே நம்பீட்டயா?"

கலைமகள் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அதத்தான் இத்தன நாளா மனசுல வெச்சுட்டுத் திங்காமத் திரிஞ்சீங்களாக்கும்? ஒண்ணுக்கு ஒண்ணரயாப் போடற மனுசன் தப்பாக் கட்டுவாருன்னு நான் நம்புவனுங்களா மாமா? நீங்க பொய் சொன்னீங்க. மூஞ்சியப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து எங்கிட்ட நீங்க ஒரு பொய் சொன்னதில்ல. அப்பேர்ப்பட்டவரு அத்தன சனத்துக்கு முன்னால மைக்கப் புடிச்சு, தம் பேரத் தானே கெடுத்துட்டுப் பொய் சொல்றாருன்னா, நெசம் அதயுங்காட்டி மோசமா இருக்கோணும்னுதான் நின்னுட்டனுங்க."

பூபாலன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுவாதீங்க மாமா, ஒறம்பரைச் சனமெல்லாம் பாக்கறாங்க. சலங்கயக் கட்டி உடுங்க, கூப்படறாங்க."

அவர் மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து அவள் காலில் சலங்கையைச் சுற்றினார். ஒரு முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். வழக்கம் போல எச்சாக இன்னொன்றும் போட்டார்.